அம்மனுக்கு மூன்று கை அரிசி

1957 மார்ச் 3, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு நோட்டுகள் முப்பத்தெட்டில் இருபதுதான் திருத்தி முடிந்தது. மீதியை நாளைக் காலையில் பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா பசாருக்குப் போயிருந்தபோது தாத்தா என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆர்மோனியத்தின் பின்பலகையைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே விரலால் அளந்து காட்டி, "இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். தட்டையா ஒரு பை தைச்சுக் கொடும்மா" என்றார். எதற்கு என்று கேட்டேன். தாத்தாவுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிவகாமி அத்தை இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறார். ஜொகூர் பக்கம், தங்காக்கைத் தாண்டி. அங்கே மாரியம்மன் திருவிழா. வருஷா வருஷம் போய்ப் பாடுகிறவர். மலாக்காவில் நமக்குக் கெடுபிடியெல்லாம் தளர்ந்து நாலு வருஷமாகிறது. அத்தை பக்கம் இன்னும் அவசரகாலச் சட்டம்தான். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட உள்ளே விடுவதில்லை. பொதுக் கொட்டகையில் சோறாக்கி ஆளுக்கு அளந்து கொடுக்கிறார்களாம். எந்த வீட்டு அடுப்பிலும் அரிசி வேகக் கூடாது. அம்மனுக்கும் பொங்கல் இல்லை.

"மூணு கை அரிசி, அவ்வளவுதான். விடியறதுக்கு முந்தி கோயில் பின்னால பொங்கி எறக்கிருவோம்."

"மாட்டிக்கிட்டா?"

"கிழவன் பாட்டுப் பெட்டியை யாரு தொறந்து பார்க்கப் போறா."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு வருஷம் அரிசி கிடைக்காமல் அம்மனுக்கு மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள். அதே வருஷம்தான் அப்பாவை சயாமில் ரயில் பாதை போட என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா திரும்பி வரவில்லை. தாத்தாவுக்கு அந்த இரண்டும் ஒரே விஷயம்.

என் பாவாடைக்கு வாங்கிய பச்சைப் பூப்போட்ட துணியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பத்து நிமிஷத்தில் தைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. பையை அவர் கையில் கொடுத்த பிறகு தரையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி மிஷின் டிராயருக்குள் திணித்தேன்.

மார்ச் 8, வெள்ளி

முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கூட டோலக் வாசிக்கும் சேதுபதி மாமா.

போகுமுன் வழக்கம்போலப் பேர்ப் பாட்டு. அது அவரே கட்டிக்கொண்டது. முதலில் அம்மனைப் பாடுவார். பிறகு அதே ராகத்தில் வீட்டு ஆட்களின் பேரை ஒவ்வொன்றாக இழுத்து, தாயே, சிவகாமிக்கு இடுப்பு வலி, பார்த்துக்கொள். பொன்னம்மாவுக்குக் கண் மங்குகிறது, பார்த்துக்கொள் - இப்படிப் போகும். அப்பா பேரும் வரும். பதினாலு வருஷமாக ஒருநாள்கூட விட்டதில்லை. நான் பள்ளிக்கு அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாலும் 'கோகிலா' என்று வரும் இடத்தில் சீப்பு தானாக நின்றுவிடும்.

இன்று என் காதெல்லாம் ஆர்மோனியத்தின் மேலேயே இருந்தது. சத்தத்தில் ஏதும் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 9, சனி

சேதுபதி மாமா தனியாக வந்தார். டோலக் மட்டும் கையில்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தோட்டத்துக்கு இரண்டு மைல் முன்னால் சோதனைக் கேட். எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் ஆர்மோனியத்தைப் பார்த்துச் சிரித்து, வாசி என்று கை காட்டினான். தாத்தாவுக்குச் சந்தோஷம். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து எடுத்த எடுப்பில் பாடினார். சிப்பாய்களெல்லாம் கூடி நின்று கேட்டார்களாம். நடுவில் ஒரு கட்டை அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது. வேறொருவன் உதவி செய்வதாக நினைத்துப் பெட்டியைத் தூக்கி உலுக்கினான். உள்ளே பையின் மூலை பிரிந்து அரிசி கொட்டியது.

"அண்ணன் மொகத்தைப் பார்க்க முடியல கோகிலா. மண்ணுல கெடந்த அரிசியை ஒண்ணொண்ணா பொறுக்கினாரு. அம்மனுக்குள்ளது மிதிபடக் கூடாதுன்னாரு. அப்படியே கையில வெலங்கு மாட்டிட்டாங்க."

சேதுபதி மாமாவை ராத்திரி முழுக்க வைத்திருந்து விட்டுவிட்டார்கள். தாத்தாவை விடவில்லை.

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். "இவருக்கு யாரு பை தைச்சுக் குடுத்தது" என்று யாரிடமும் கேட்காதது போலக் கேட்டாள். நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.

ஒரு மூலையில் நான் மறுதையல் போடவில்லை. இரண்டு தையல் முன்னும் பின்னும் ஓட்டியிருந்தால் அரிசி நழுவியிருக்காது. நினைவிருக்கிறது. அவசரத்தில் விட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

மிச்சத் துணியை அடுப்பில் போட்டேன். பாவாடையையும். பச்சைத் துணி இவ்வளவு புகையுமா?

இந்த நோட்டையும் போட்டிருக்க வேண்டும். மூன்றாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கக் கை வைத்து, கிழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. விறகுக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தால் வீட்டு முன்னால் ஜீப். மூன்று பேர். அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, சாமி படத்துக்குப் பின்னாலெல்லாம் கைவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் என் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாருடையது என்று மலாயில் கேட்டார். என்னுடையது, நான் பள்ளி ஆசிரியை, தாற்காலிக வேலை என்றெல்லாம் கேட்காததற்கும் பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார். என்ன எழுதினார்?

விறகுப் பக்கம் யாரும் போகவில்லை.

ஜீப் போன பிறகு வேலி தாண்டி மாக் பாக்கியம் வந்தார். மாக் என்றால் அம்மா, பாக்கியலட்சுமி என்று முழுப்பெயர். எப்போதோ இங்கே வந்து குடியேறிய செட்டிகளின் ஊரான செட்டிக் கம்பத்துக்காரர். அவர்களுக்கு நம்மைப் போலவே கோயில், திருநீறு, எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். தாத்தா அவர்கள் கோயிலில் பாடும்போது அர்த்தம் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர். என் தலையைத் தொட்டு, "ஜாங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே. அதைச் சொன்னவரே ரோட்டை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 16, சனி

தாத்தாவைப் பார்க்க விட்டார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் மூன்று மணி நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் தாடியோடு உட்கார்ந்திருந்தார். திருநீறு இல்லாத நெற்றியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தார்.

அம்மா அழுதாள். அவர் என்னைப் பார்த்து, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பையை நான்தான் தைச்சேன். வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே. 

ஐந்து வருஷம்கூடப் போடுவார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். இந்தியாவில் பிறந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். தாத்தா பதினோரு வயதில் வந்தவர். அவருக்கு அங்கே யாரைத் தெரியும்?

மார்ச் 18, திங்கள்

சைக்கிள் மணி கேட்டாலே ஜன்னலுக்கு ஓடிவிடுகிறேன். இன்று பால்காரர்.

மார்ச் 23, சனி

மறுபடி போனோம். இந்த முறை அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மலாய் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் மொழிபெயர்க்கிற பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக்கண்ணாடி.

"உம்முடைய தாத்தா விடிய நாலு மணிக்கு எழும்பிக் கொஞ்சப் பேர்களைப் பாடுறார். ஒவ்வொரு நாளும் அதே பேர்கள், அதே ஒழுங்கு. இன்ஸ்பெக்டருக்கு இது ஆரென்று தெரிய வேணும்."

டைப் அடித்த தாளை என் முன்னால் வைத்தார். காட்டில் இருப்பவர்களின் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். சிரிப்பு வரவேண்டிய விஷயம். எனக்கு வரவில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிவகாமி - அத்தை. தியாகு - அத்தையின் வீட்டுக்காரர், அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். சந்திரமதி - அவர்களுடைய பெண். பொன்னம்மா - வெளியே உட்கார்ந்திருக்கும் என் அம்மா. பாக்கியம் - பக்கத்து வீடு.

"கலியாணசுந்தரம்? இவர் இப்ப எங்கை?"

"என் அப்பா. சயாமுக்குக் கொண்டு போனார்கள்."

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மலாயில் சொல்லச் சற்று நேரமாயிற்று அவருக்கு.

"காமாட்சி?"

"எங்கள் பசு. போன வருஷம் விற்றுவிட்டோம்."

இன்ஸ்பெக்டர் முகத்தில்கூட ஏதோ ஓடியது. ஆனால் உடனே வேறொன்று கேட்டார். தாத்தா தைத்ததாகச் சொன்னாரே என்று ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்தார்களாம். அவருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியவில்லையாம். அப்படியானால் தைத்தது யார்?

தெரியாது என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. தாளில் என் பேர் இல்லை. கடைசியில் என் பேர் வர வேண்டும். தாத்தா அதை மட்டும் விட்டுவிட்டுப் பாடுகிறார்.

மார்ச் 25, திங்கள்

அத்தையைப் பிடித்துவிட்டார்கள்.

தியாகு மாமா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அரிசி போக இருந்த தோட்டத்து ஆள்மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம், அங்கே மிஷின் வைத்திருப்பது அத்தை ஒருத்திதான். தொழிலாளர் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். போன மாதம் இங்கே வந்து போனபோது அவள்தான் பையைத் தைத்துத் தாத்தாவிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தையின் சின்னதுக்கு நாலு வயது. அம்மா அம்மா என்று லயம் முழுக்கத் தேடுகிறதாம்.

மார்ச் 26, செவ்வாய்

நான் சொன்னால் வேலை போகும். நிரந்தரமாக்கும் கடிதம் இந்த மாதம் வருமென்று தலைமையாசிரியர் தேவதாஸ் சார் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் ஏழாம் தேதி பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் ஜெயபாலன். விமான நிலையத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை.

வேலை போனால் வீட்டுக்கு யார்? அம்மாவுக்குக் கண் சரியில்லை.

இதெல்லாம் காரணமா? இல்லை. பயம்தான். ஜெயில் என்ற வார்த்தையை நினைத்தாலே மூத்திரம் வருகிறது. அவ்வளவு கேவலமான பயம்.

மார்ச் 28, வியாழன்

அத்தை எப்படியும் உண்மையைச் சொல்லி வெளியே வந்துவிடுவாள். அவள்தான் தைக்கவில்லையே.

மார்ச் 29, வெள்ளி

பையைக் காட்டியிருப்பார்கள், அத்தைக்குத் தெரிந்திருக்கும். என் துணி அவளுக்குத் தெரியாதா, அவள்தானே கடையில் எடுத்துக் கொடுத்தாள். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அங்கே தாத்தா, அங்கே அத்தை. எல்லோரும் என்னை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் சட்டியில் மீன் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 1, திங்கள்

விளக்கேற்றும் நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"பாவாடையக் காணோம்னு அன்னைக்கே தெரியும்டி" என்றாள். அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நான் போறதா இருந்தேன். நான் தைச்சேன்னு சொல்லிருவேன். எனக்கு மிஷின் ஓட்டத் தெரியும்."

"ஒனக்கு ஊசிக் கண்ணே தெரியாதேம்மா."

"தடவிக் கோத்துருவேன்."

நான் அவள் கையிலிருந்து முறத்தை வாங்கி வைத்தேன். இதற்கு மேல் முடியாது. அம்மா எழுந்திருப்பதற்குள் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 3, புதன்

நேற்று எழுதத் தெம்பில்லை.

பொன்னுதுரையிடம்தான் முதலில் சொன்னேன். "பையைத் தைத்தது நான்." அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, யோசிச்சுச் சொல்லும். இதை நான் அவருக்குச் சொல்லிப்போட்டால் பிறகு திருப்பி எடுக்க ஏலாது" என்றார். வெளியே ஓடிவிடக் கால் துடித்தது. கதவு திறந்தே கிடந்தது. சொல்லுங்கள் என்றேன்.

மிஷினைக் கொண்டுவந்தார்கள். ஒரு துண்டுத் துணி கொடுத்தார்கள். பை தைத்தேன். அந்தப் பயத்திலும் தையல் நேராக வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பச்சைப் பூப் பையை அன்றுதான் மறுபடி பார்த்தேன். மூலை பிரிந்து கிடந்தது.

"மிச்சத் துணி எங்கே?"

"எரித்துவிட்டேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லவில்லை. பயத்தில்."

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி, ராத்திரி பெண்கள் அறையில் வைத்திருந்து, இன்று காலை அனுப்பிவிட்டார்கள். கேஸ் நாளில் வர வேண்டும். அத்தையையும் இன்று விட்டுவிட்டார்கள். வாசலில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி சொன்ன, ஏண்டி சொன்ன" என்று என் முதுகில் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள்.

ஏப்ரல் 25, வியாழன்

கோர்ட். தாத்தாவுக்கு, பிடித்த நாளிலிருந்து நாலு மாதம். வயதைப் பார்த்துக் குறைத்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு வருஷ நன்னடத்தை ஜாமீன்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறிய நிமிஷத்திலிருந்து தாத்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொண்டு போகும்போது அம்மாவை, அத்தையை, சேதுபதி மாமாவைப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போனார். என் சேலை அவர் கையில் உரசியது. பார்க்கவில்லை.

மே 6, திங்கள்

பள்ளி வேலை முடிந்தது. தேவதாஸ் சார் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "என் கையில் இல்லம்மா" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

மே 19, ஞாயிறு

தரகர் பூங்காவனம் அம்மா வந்தார். காப்பி குடித்து முடித்த பிறகு, "வேற எடம் பார்த்துக்கச் சொல்றாங்க பொன்னம்மா" என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டவர்கள்தான். ஜெயபாலன் எப்படி இருப்பார் என்று தெரியாமலே போயிற்று.

ரவிக்கை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் துணி மாக் பாக்கியம் கொடுத்தது. எல்லா மூலைக்கும் இரண்டு முறை மறுதையல் போடுகிறேன்.

ஜூன் 8, சனி

ஜெயிலில் பார்த்தோம். அம்மாவிடம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். செட்டிக் கம்பத்துக் கோயில் திருவிழா எப்படி நடந்தது என்று கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. இருமல் இருக்கிறது.

அவர் தன் பேரன் பேத்திகளில் ஒன்றைக்கூட அதட்டி நான் பார்த்ததில்லை. என்னை வெறுக்கிறாரா? எனக்குச் சட்டத்தைவிட இது பயமாக இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

வந்துவிட்டார். சேதுபதி மாமா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சட்டைக்குள் ஆளே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றார், திருநீறு பூசிக்கொண்டார், பாடவில்லை. படுத்துக்கொண்டார். நான் வைத்த கஞ்சியைக் குடித்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

இதற்குத்தான் இத்தனை நாள் நடுங்கினேன். கடிதம் வந்துவிட்டது. குடியுரிமை பதியாதவர், தண்டனை பெற்றவர், இவரை ஏன் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்குக் காரணம் எழுத வேண்டுமாம். நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை எழுத்து ஓடியது.

தாத்தாவுக்கு ஊர் பெயர்கூடச் சரியாக நினைவில்லை. வேதாரண்யத்துக்குப் பக்கம், உப்புக் காற்று அடிக்கும் என்பார். அவ்வளவுதான். அங்கே கப்பலிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் நடப்பார்?

மாக் பாக்கியத்தின் தம்பி அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கிறவர். அவர் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தார். இருபது வருஷமாக எங்கள் கோயிலில் பாடுகிறவர், இவரை அனுப்ப வேண்டாம் என்று செட்டிக் கம்பத்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தமிழ் எழுதத் தெரியாதவர்கள். ஒவ்வொருவரும் பேனாவை வாங்கித் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் பேரை மெதுவாக எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தாத்தா கூப்பிட்டார். "கோகிலா." ஐந்து மாதத்துக்குப் பிறகு.

காலைப் பிடித்துவிடச் சொன்னார். பிடித்துவிட்டேன். எலும்புதான்.

 பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்கப்பனை லோரியில ஏத்தினாங்களே, அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு யாருக்கும் சொன்னதில்ல. கோயிலுக்குப் போயிருந்தேன்னு ஒன் அம்மாகிட்ட சொன்னேன். பொய்."

தாத்தாவுக்குப் பொய் வராது என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

"வாழைத் தோப்புக்குள்ள உக்காந்திருந்தேன். பத்தடி தள்ளி லோரி. வீட்டுக்கு ஒரு ஆளு வேணும்னான் ஜப்பான்காரன். நான் எந்திரிச்சு வந்து, என்னைக் கூட்டிக்கிட்டுப் போ, அவனுக்குச் சின்னப் புள்ள இருக்குன்னு சொல்லியிருந்தா ஒருவேளை விட்டிருப்பான். உங்கப்பன் என்னைத் தேடித் தேடிப் பார்த்தான். அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டான். எனக்கு வாயைத் தொறக்க முடியல. பயம். லோரி போன பெறவுதான் எந்திரிச்சேன்."

நான் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"நீ கூண்டுல ஏறி நின்னப்ப எனக்கு ஒன்னைப் பார்க்க முடியல. கோவம்னு நெனச்சியா?"

ஆமாம் என்றேன்.

"கோவம் இல்லம்மா" என்றார். அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்பாவின் பேரைப் பதினாலு வருஷமாக ஏன் ஒருநாளும் விடாமல் பாடினார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "நானே சொல்றேன்" என்றார். மறுநாள் சொன்னார் போலிருக்கிறது. அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் இருமலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். (இந்த வரிகளைப் பிறகு சேர்த்தேன்.)

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். டவுன் பக்கம் வாண வேடிக்கைச் சத்தம். எல்லோரும் போய் வந்தார்கள். நாங்கள் போகவில்லை, தாத்தாவுக்கு நெஞ்சுச் சளி. மனுவுக்குப் பதில் வரவில்லை. புது நாடு அவரை வைத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் பாடினார்.

ஆர்மோனியம் இன்னும் போலீசில்தான் இருக்கிறது. வெறும் குரல், அதுவும் பாதிக் குரல். அம்மனைப் பாடி, பேர்களுக்கு வந்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பாடினார். கலியாணசுந்தரம் என்ற இடத்தில் முன்பெல்லாம் பார்த்துக்கொள் என்பார். இன்று, தாயே, கலியாணசுந்தரத்திடம் சொல்லிவிடு என்று பாடினார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் பேர் வந்தது. இரண்டு தடவை பாடினார்.

செப்டம்பர் 19, வியாழன்

தாத்தா போய்விட்டார். விடிகிற நேரம், தூக்கத்தில். அத்தை நேற்றே வந்திருந்தது நல்லதாயிற்று.

செப்டம்பர் 21, சனி

நேற்று மண்ணில் வைத்தோம். சேதுபதி மாமாவால் டோலக் வாசிக்க முடியவில்லை. செட்டிக் கம்பத்து ஆட்கள் வந்து நின்றார்கள். தாத்தா அவர்கள் கோயிலில் பாடுகிற பாட்டை மாக் பாக்கியம் ஆரம்பித்தார். ஒரு வார்த்தையும் தமிழில் சரியாக வரவில்லை. ராகம் மட்டும் ஓர் இழைகூடப் பிசகவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

பத்து மணிக்குக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். தாத்தாவின் பேரைச் சொல்லி, வேலாயுதம் இருக்கிறாரா என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வெயிலில் வந்திருக்கிறார், தண்ணீர் கொடுத்தேன். பிறகு சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடிதத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் அம்மா.

"மனுவை ஏத்துக்கிட்டாங்களாம். தாத்தா இந்த நாட்டுலயே இருக்கலாமாம்."

அம்மா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு, பதில் போட வேண்டுமா என்று கேட்டாள். பதினான்கு நாளுக்குள் போட வேண்டும். தைக்க வேண்டிய துணியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். மேற்படி நபர் செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி காலமானார், மலாக்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டார், இப்படிக்கு பேத்தி கோகிலா கலியாணசுந்தரம். தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"பாடுவாருன்னு எழுதினியா?"

"அதெல்லாம் கேக்கலம்மா."

"கேக்காட்டி என்ன. எழுது."

கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. எழுதினேன்.